நிமிடம் என்ன விலை?

மீஞ்சூர் ரயிலடியிலிருந்து பஜார் வரை ஒரு நடை போய் வந்தாலே தெரியும், ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று. ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் மூன்று மாடி, நான்கு மாடி, முகமெல்லாம் கண்ணாடி. துணிக்கடை, ஆஸ்பத்திரி, டியூஷன் சென்டர், ஜிம் என்று எல்லாம் பளபளக்கிறது. தீப்பிடித்தால் இந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்று கேட்டு எழுதுங்கள் எனச் சென்ற மாதம் சொல்லியிருந்தோம். எண்ணூர், திருவொற்றியூர், பொன்னேரி வரையிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. கண்ணாடி, அலுமினிய வேலையில் முப்பது வருடம் கழித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

துணிக்கடை உரிமையாளர், மீஞ்சூர்: கண்ணாடி எரியாத பொருள். அப்புறம் எதற்கு 'தீ தாங்கும் கண்ணாடி' என்று தனியாக ஒன்று?

எரியாது, ஆனால் வழி விட்டுவிடும். தீ பட்டதும் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரிகிறது. ஃப்ரேமுக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்தே இருக்கிறது. இந்த இழுபறியில் விளிம்பில் ஒரு விரிசல் கிளம்பி, கண்ணை மூடித் திறப்பதற்குள் கண்ணாடி முழுவதும் ஓடிவிடும். சாதாரணக் கண்ணாடி உடைய, நடுவுக்கும் விளிம்புக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம் போதும். அது விழுந்த நொடியில் உங்கள் சுவர், கதவில்லாத வாசல். புகைக்கும் தீக்கும் அடுத்த அறைக்குப் போக யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அதே வாசகர்: 12 எம்.எம். டஃபன் கண்ணாடி போட்டிருக்கிறேன். இரும்பு மாதிரி இருக்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாரே?

ஹெல்மெட் போட்டவர் மழையில் நனைய மாட்டாரா, ஐயா? டஃபன் கண்ணாடி அடியைத் தாங்கப் பிறந்தது. குழந்தை ஓடிவந்து மோதினாலும் கத்தி மாதிரி சிதறாமல் கற்கண்டு போல உதிரும். அதற்காக அதைக் கும்பிடலாம். வெப்ப வித்தியாசத்தையும் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக, சுமார் 200 டிகிரி வரை, தாங்கும். ஆனால் சோதனை உலையில் ஐந்தாவது நிமிடத்தில் வெப்பம் 576 டிகிரி. உங்கள் 12 எம்.எம். கற்கண்டாகிக் கீழே கிடக்கும்.

கட்டடப் பொறியியல் மாணவி, திருவொற்றியூர்: ஈ, ஈடபிள்யூ, ஈஐ என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

நல்லது கெட்டது இதில் கிடையாது, இடத்தைப் பொறுத்துத்தான். மூன்றையும் மூன்று காவலாளிகளாக நினைத்துக்கொள்.

'ஈ' வகை தீயின் நாக்கையும் சூடான புகையையும் அந்தப் பக்கமே நிறுத்தும். வெப்பத்தை நிறுத்தாது. கண்ணாடி அப்படியே நிற்கும். ஆனால் இந்தப் பக்கம் நிற்பவர் வெந்துபோவார்.

'ஈடபிள்யூ' வகை வெப்பக் கதிர்வீச்சுக்கும் ஒரு வரம்பு வைக்கும். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. கேட்கக் குறைவாகத் தெரிகிறதா? சித்திரை மாதத்து உச்சிவெயில் ஒரு கிலோவாட்தான். அதில் பதினைந்து மடங்கு! தப்பி ஓடுகிற ஒருவர் சில நிமிடம் தாக்குப்பிடிக்கக் கூடியது இரண்டரை கிலோவாட் என்றே வடிவமைப்பாளர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

'ஈஐ' வகை வெப்பத்தையும் தடுக்கும். இந்தப் பக்கத்துக் கண்ணாடி முகத்தின் சராசரி வெப்பம், தொடங்கியதைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. எந்த ஒரு புள்ளியிலும் 180-ஐத் தாண்டக் கூடாது. மனிதர்கள் கண்ணாடியை ஒட்டி நடந்து தப்பிக்க வேண்டிய இடத்தில், அதாவது படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் முன்கூடம் ஆகியவற்றில், ஈஐ தவிர வேறு எதற்கும் நான் தலையாட்ட மாட்டேன்.

ஃபேப்ரிகேஷன் கடை நடத்துபவர், மணலி புதுநகர்: 30, 60, 120 என்று போடுகிறார்களே, அந்த எண்ணை யார் முடிவு செய்வது?

நீங்களும் இல்லை, நானும் இல்லை, கண்ணாடி விற்பவர் நிச்சயமாக இல்லை. கட்டடத்தின் உயரமும் பயன்பாடும் முடிவு செய்யும். அடிப்படை நூல் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அதன் நான்காம் பகுதி. உயரக் கட்டடங்களில் வெளியேறும் படிக்கட்டைச் சூழும் சுவருக்கும் கதவுக்கும் அது கேட்பது 120 நிமிடம். அந்தச் சுவரில் கண்ணாடி வைக்க ஆசைப்பட்டால் கண்ணாடிக்கும் அதே 120. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். தேசியத் தொகுப்பு 15 மீட்டரிலேயே அப்படிச் சொல்லிவிடுகிறது.

நிமிடம் என்பது வெறும் கடிகாரக் கணக்கு இல்லை என்பதையும் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் சோதனை உலையை ஒரே கணக்கில்தான் சூடேற்றுகிறார்கள். 30-வது நிமிடம் 842 டிகிரி, 60-வது நிமிடம் 945, 120-வது நிமிடம் 1,049. இந்த உலையின் முன் நின்று ஜெயித்த நேரம்தான் அந்த எண்.

பிளஸ் டூ மாணவர், அனுப்பம்பட்டு: கண்ணாடி எப்படி வெப்பத்தைத் தடுக்கும்? வெளிச்சம் போகிற வழியில் வெப்பமும் போகுமே?

சரியான இடத்தில் கை வைத்தாய், தம்பி. ஈஐ கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது. இரண்டோ அதற்கு மேலோ தகடுகள். நடுவில், கண்ணுக்கே தெரியாத தெளிவான ஓர் அடுக்கு. பெரும்பாலும் சோடியம் சிலிகேட் போன்ற உப்பும் நீரும் சேர்ந்தது.

ஒருமுறை சோதனை உலைக்கு வெளியே நின்று பார்த்தேன். முதலில் தீப்பக்கத் தகட்டில் படீர் என்று விரிசல். அங்கிருந்தவர்கள் யாரும் பதறவில்லை. அது உடைய வேண்டிய தகடுதான். வெப்பம் 120 டிகிரியை ஒட்டி வந்ததும் நடு அடுக்கு பொங்க ஆரம்பித்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குமே, அதே மாதிரி. ஒரு மூலையில் வெண்மை தோன்றி, மேகம் போலப் பரவி, கண்ணாடி முழுவதும் வெள்ளைச் சுவராகிவிட்டது. உள்ளே கொழுந்துவிட்ட தீ கண்ணிலிருந்து மறைந்தது. நீர் ஆவியாகி வெப்பத்தைத் தின்கிறது; பொங்கிய நுரை மிச்ச வெப்பத்தை மறிக்கிறது. அன்றிலிருந்து, கண்ணாடி தன் தெளிவைக் கொடுத்து நம் உயிரைக் காக்கிறது என்றுதான் வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அலுமினிய வேலைக்காரர், அத்திப்பட்டு: நல்ல ஈஐ 60 கண்ணாடியை வாங்கி வழக்கமான அலுமினிய செக்‌ஷனில் மாட்டிக் கொடுத்தால் போதாதா? கஸ்டமருக்கும் செலவு மிச்சம்.

நம்ம தொழில்காரர் கேட்பதால் கணக்கோடு சொல்கிறேன். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். சோதனை உலை 660-ஐத் தொடுவது ஒன்பதாவது நிமிடத்தில். உலையின் வெப்பம் அப்படியே உலோகத்துக்கு ஏறச் சற்று நேரம் பிடிக்கும், சரி. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே அலுமினியம் தளர்ந்துவிடும். 60 நிமிடம் நிற்க வேண்டிய கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளக் கையே இருக்காது.

எடையையும் பாருங்கள். ஈஐ 60 கண்ணாடி ஏறக்குறைய 25 எம்.எம். கனம், சதுர மீட்டருக்கு 55, 60 கிலோ. ஆள் உயரப் பலகை ஒன்றே, ஒன்றேகால் மூட்டை சிமெண்டைத் தாண்டும். அதனால்தான் சான்றிதழ் கண்ணாடிக்கு மட்டும் தருவதில்லை. ஃப்ரேம், பீடிங், கண்ணாடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வைக்கும் டேப், சீலன்ட், சுவரில் அடிக்கும் ஆங்கர் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் தருகிறார்கள். தீ தாங்கும் அலுமினியத் தொகுப்புகளும் உண்டு. அவற்றின் உள்ளே வெப்பத்தடுப்புப் பொருள் அடைத்து, அப்படியே சோதித்திருப்பார்கள். நம் பட்டறையில் கிடக்கும் செக்‌ஷன் அது இல்லை. சாதாரண சிலிக்கானை வைத்து இழுத்துவிட்டு 'ஃபயர் ரேட்டட்' என்று பில் போடாதீர்கள். அந்தப் பில்லில் நம் கையெழுத்து இருக்கும்.

ஆஸ்பத்திரி நிர்வாகி, பொன்னேரி: சான்றிதழ் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் தருகிறார்கள். எதைப் பார்ப்பது?

முதலில் காகிதத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள்.

சமீபத்தில் நம் பக்கத்தில் ஒரு புதுக் கட்டடத்துக்கு நண்பர் கூட்டிப் போனார். பெயர் வேண்டாம். படிக்கட்டுக் கதவின் முன் மண்டியிட்டு, செல்போன் டார்ச்சைக் கீழ்மூலையில் அடித்தேன். கதவுக் கண்ணாடியில் சின்ன எழுத்தில் பொறிப்பு இருந்தது: தயாரிப்பாளர் பெயர், தயாரிப்பின் பெயர், தரநிலை, ஈஐ 120. திருப்தி. பக்கத்திலேயே நிலையாகப் பொருத்திய பெரிய கண்ணாடி. அதன் நாலு மூலையிலும் டார்ச் அடித்தேன், பொறிப்பு இல்லை. பளிச்சென்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். நகத்தால் நெம்பினேன், உரிந்து கையோடு வந்துவிட்டது. நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு இரண்டு மணி நேரம் நிற்கும். அதை ஒட்டிய கண்ணாடி இரண்டு நிமிடம் நிற்குமா தெரியாது. கோட்டைக்குக் கதவு இருக்கிறது, மதில் இல்லை.

இனி காகிதம். ஐந்து கேள்வி கேளுங்கள். சோதித்தது யார்? ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற, தீச்சோதனை வசதியுள்ள அங்கீகாரம் பெற்ற கூடமா? என்ன சோதித்தார்கள்? கதவா, நிலைத் தடுப்பா? கதவுக்கு வாங்கிய சான்று தடுப்புக்குச் செல்லாது. எவ்வளவு பெரியது? சிறிய பலகைக்கு வாங்கிய சான்றை வைத்துப் பெரிய பலகை மாட்ட முடியாது. எந்த அளவு வரை செல்லும் என்று அறிக்கையிலேயே இருக்கும். எந்த ஃப்ரேமோடு? உங்களுக்குத் தரப்போகும் அதே ஃப்ரேம்தானா? யார் பெயரில்? வேறு கம்பெனி பெயரில் இருந்தால், இவருக்கு அதைப் பயன்படுத்த உரிமைக் கடிதம் எங்கே?

கடைசியாக, அறிக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜெராக்ஸ் எதையும் சொல்லும். கூடம் உண்மையைச் சொல்லும்.

கடை மேலாளர், எண்ணூர்: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே, அது போதாதா?

ஐ.எஸ். 2553 முத்திரை, உடையும்போது காயப்படுத்தாத கண்ணாடி என்பதற்கு. தீக்கதவுக்கு ஐ.எஸ். 3614 என்று வேறு தரநிலை உண்டு. ரேஷன் கார்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது.

ஜிம் நடத்துபவர், திருவொற்றியூர்: இருக்கிற கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டித் தீ தாங்க வைக்கலாம் என்கிறாரே ஒருவர்?

கடையில் கிடைக்கும் பாதுகாப்பு ஃபிலிம் உடைந்த கண்ணாடியைச் சிதறாமல் பிடிக்கும், அவ்வளவுதான். நீங்கள் வைத்திருக்கும் கண்ணாடி, ஃப்ரேம், அந்த ஃபிலிம் மூன்றையும் சேர்த்து உலையில் வைத்துச் சோதித்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை உங்கள் தெருப்பக்கம் வர மாட்டார்.

செவிலியர், மீஞ்சூர்: புது ஆஸ்பத்திரி என்றாலே முழுக்கக் கண்ணாடி மூடிய ஏசி கட்டடமாக இருக்கிறது. உள்ளே வேலை செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் நியாயமா?

நியாயம், அம்மா. 2011 டிசம்பர் 9, விடியாத நேரம். கொல்கத்தா தாக்குரியாவில் ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரி. பொருட்கள் அடைத்து வைத்திருந்த அடித்தளத்தில் தீப்பிடித்தது. தீ நோயாளிகளிடம் போகவே இல்லை, புகை போனது. கண்ணாடியால் மூடிய கட்டடத்திலிருந்து வெளியேற அந்தப் புகைக்கு வழியில்லை. தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து கண்ணாடியை உடைத்து ஆட்களை இறக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 90 உயிர்கள். பெரும்பாலோர் படுக்கையில் மூச்சுத் திணறிப் போனவர்கள். நம் மாநிலத்தில், 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல் தனியார் ஆஸ்பத்திரித் தீயில் ஆறு பேர் போனார்களே, அங்கும் எமன் புகை ரூபத்தில்தான் வந்தான்.

அதனால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இரண்டு வேலை. உள்ளே, புகையையும் தீயையும் ஒரு பகுதியோடு அடைக்க வேண்டும். ஐசியூ நோயாளியைப் படியில் இறக்க முடியாது. அதே மாடியில் அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நடுச்சுவரில், நடுக்கதவில் ஈஐ கண்ணாடி வேண்டும். வெளியே, முகப்புக் கண்ணாடி திறக்க வேண்டும். தேசியத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு மாடியிலும் 10 மீட்டருக்குள் ஒன்று வீதம் திறக்கும் பலகை, குறைந்தது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் கைக்கு எட்ட வேண்டும். தீயின்போது திறக்க, மறைக்காதே என்று உள்பக்கம் எழுதியிருக்க வேண்டும். கண்ணாடி முகப்புக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைத் தீ தாங்கும் சீலன்டால் அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடுக்கே புகைக்கு லிஃப்ட்.

நாளை டூட்டிக்குப் போனதும் உங்கள் வார்டில் அந்தப் பலகை எங்கே என்று தேடுங்கள். அதன்முன் பீரோ நின்றால் நகர்த்தச் சொல்லுங்கள்.

ஐ.டி. ஊழியர், மீஞ்சூர் (தினமும் மின்சார ரயிலில் சென்னை போய்வருபவர்): மாடியில் சிக்கிக்கொண்டால் கண்ணாடியை உடைத்துக் குதிக்கலாமா?

குதிக்காதீர்கள். 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் ஒன்பது பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் செல்லும் டக்ட் வழியாகப் புகை மாடி மாடியாக ஏறியது. மூச்சுக்காகக் கண்ணாடியை உடைத்தவர்களில் சிலர் குதித்தும் உயிர்விட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். படிக்கட்டில் புகை இல்லையென்றால் உடனே இறங்குங்கள், லிஃப்டைத் தொடாதீர்கள். புகை இருந்தால் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கதவிடுக்கை ஈரத்துணியால் அடையுங்கள். 101 அல்லது 112-ஐ அழைத்து எந்த மாடி, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். திறக்கும் பலகை இருந்தால் திறந்து, கையில் கிடைத்த துணியை ஆட்டுங்கள். வேறு வழியே இல்லாமல் உடைப்பதானால், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கூர்மையான பொருளால் மூலையில் அடியுங்கள். நடுவில் குத்தினால் டஃபன் கண்ணாடி திருப்பி அடிக்கும். கீழே ஆள் நிற்கிறார்களா என்று பார்த்து, கத்தி எச்சரித்துவிட்டு உடையுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர், ராயபுரம்: சென்னைக்கு இதெல்லாம் புதிதா?

புதிதே இல்லை, பெரியவரே. 1959-ல் திறந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலை 11 அன்று எரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியது. ஒரு நாளைத் தாண்டியும் அணையவில்லை. உள்ளே துணியும் புகையும் அடைந்து கிடந்ததால் வீரர்கள் நுழையத் திணறினார்கள். கடைசியில் கட்டடத்தையே இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அதிகாலையில் பிடித்ததால் வாடிக்கையாளர் இல்லை. அதே தீ ஒரு தீபாவளி மாலையில் என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைக்கிறேன்; அதனால்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

தனியார் பள்ளி ஆசிரியை, மணலி: எங்கள் பள்ளிக்கும் தீ தாங்கும் கண்ணாடி போடச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் முதல் வரியில் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அங்கே கண்ணாடியே இல்லை; கீற்றுக் கூரையும், பிள்ளைகள் வேகமாக இறங்க முடியாத குறுகிய படியும் இருந்தன. முதலில் இரண்டு படிக்கட்டு. இரண்டும் பூட்டாமல், பொருள் அடுக்காமல். பிறகு சமையலறை தனியாக. பிறகு மாதம் ஒரு ஒத்திகை. அதன் பிறகு, படிக்கட்டுக் கதவில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஈஐ கண்ணாடி. அந்தப் பக்கம் புகை இருக்கிறதா என்று கதவைத் திறக்காமலே தெரிய வேண்டும்.

திருமண மண்டப உரிமையாளர், பழவேற்காடு சாலை: கொட்டேஷனைப் பார்த்தாலே தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விலை. எங்கே போட்டே ஆக வேண்டும், எங்கே விடலாம்?

எல்லா இடத்திலும் போடச் சொல்பவர் வியாபாரி. எங்கேயும் வேண்டாம் என்பவர் உங்கள் விரோதி. ரோட்டைப் பார்த்த முகப்பு முழுவதற்கும் பொதுவாகத் தேவைப்படாது. படிக்கட்டைச் சூழும் தடுப்பு, வெளியேறும் நடைவழி, லிஃப்ட் முன்கூடம், சமையல்கட்டுக்கும் பந்திக் கூடத்துக்கும் நடுச்சுவர், ஜெனரேட்டர் அறையைப் பார்க்கும் ஜன்னல், பக்கத்துக் கட்டடத்தை ஒட்டிய சுவரில் உள்ள திறப்பு: இவற்றில் கண்ணாடி வைத்தால் தீ தாங்குவதாக இருக்க வேண்டும்.

செலவு குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. கண்ணாடியின் பரப்பைக் குறையுங்கள். முழுச்சுவர் கண்ணாடிக்குப் பதில் செங்கல் சுவர், நடுவில் ஒரு சாளரம். செங்கல் காலங்காலமாகத் தீயில் வெந்தே வந்தது. அதற்குத் தீ பழக்கம். தரத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்டாதீர்கள். பரப்பைக் குறைத்துத் தரத்தைக் காப்பாற்றுங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர், காட்டுப்பள்ளி: கன்டெய்னர் சரக்குக் கிடங்குக்குள்ளேயே எங்கள் அலுவலக அறை. நான்கு பக்கமும் கண்ணாடி. எங்களுக்கு எது வேண்டும்?

கண்ணாடியைவிட முதலில் வேண்டியது, கிடங்குக்குள் கால் வைக்காமல் வெளியே போகிற ஒரு கதவு. அறை வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் அது சுலபம். பிறகு, சரக்கைப் பார்க்கும் பக்கம் மட்டும் ஈஐ கண்ணாடி. மற்றப் பக்கங்களில் கட்டுச் சுவர். அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஏணி போட்டுப் பாருங்கள். கண்ணாடித் தடுப்பு சீலிங்கோடு நின்றுவிட்டு, மேலே திறந்து கிடந்தால், தீ கண்ணாடியை மதித்து நிற்காது. தலைக்கு மேலாகத் தாண்டி வரும். தடுப்பு தரையிலிருந்து மேல்தளம் வரை முழுதாக இருக்க வேண்டும்.

சைட் இன்ஜினியர், எண்ணூர்: கண்ணாடி வந்து இறங்கிவிட்டது, சிவில் வேலை முடியவில்லை. வெளியே சாய்த்து வைக்கலாமா?

அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகை ஓரமாகவா? வேண்டாம். நடு அடுக்கு வெப்பத்துக்காகக் காத்திருக்கும் பொருள். உற்பத்தியாளர்கள் குறிக்கும் உச்ச வெப்பம் பெரும்பாலும் 45, 50 டிகிரிதான். வெயிலில் வைத்தால் குமிழியும் பால்நிறமும் தட்டும். விளிம்பைச் சுற்றியுள்ள டேப் கிழிந்தால் ஈரம் புகுந்து கெட்டுப்போகும். நிழலில், நிமிர்த்தி, விளிம்பு தரையில் படாமல் வையுங்கள். அளவு தவறினால் சைட்டில் வெட்டவோ துளைக்கவோ கூடாது. சரியான அளவில் மறுபடி வரவழைக்க வேண்டும். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் பொருத்துவதானால், அதற்கென்று புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகை இருக்கிறது, ஆர்டரிலேயே சொல்லுங்கள். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. இரும்பு ஃப்ரேமின் கால்மூலையை வருடா வருடம் பாருங்கள்; துரு தின்ற ஃப்ரேமுக்குச் சான்றிதழ் பொருந்தாது.

விளம்பரப் பலகை செய்பவர், திருவொற்றியூர்: கண்ணாடிக்கு இவ்வளவு பேசுகிறீர்கள். எலிவேஷனுக்கு ஒட்டுகிற ஏசிபி என்ற அலுமினியக் கூட்டு ஷீட் பற்றி?

கேட்டதற்கு நன்றி. 2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் டவர், 72 உயிர்கள். ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீயைக் கட்டடத்தின் உச்சி வரை ஏற்றிவிட்டது, வெளியே ஒட்டியிருந்த அந்த வகை ஷீட்டின் நடுவிலிருந்த பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் நடுவுள்ள மலிவு ஷீட்டை முகப்பில் ஒட்டிவிட்டு உள்ளே தீ தாங்கும் கண்ணாடி போடுவது, வைக்கோல் போருக்குள் இரும்புப் பெட்டி வைப்பதற்குச் சமம். எரியாத தாது நடுவுள்ள வகையைக் கேட்டு, அதற்கும் அறிக்கை வாங்குங்கள்.

இல்லத்தரசி, நந்தியம்பாக்கம்: வீட்டுக்கும் இந்தக் கண்ணாடி தேவையா?

தனி வீட்டுக்கு வேண்டாம், அம்மா. அந்தப் பணத்தில் பழைய வயரிங்கை மாற்றி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வையுங்கள். ஜன்னல் கிரில்லில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கட்டும்.

காவலாளி, அத்திப்பட்டு புதுநகர்: நான் காவல் இருக்கிற கட்டடத்தில் தீக்கதவு, கண்ணாடி எல்லாம் உயர்ந்த ரகம் என்கிறார்கள். எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

முக்கியமான வேலையே உங்களுடையதுதான், அண்ணே. தீக்கதவுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி, காற்று வரட்டும் என்று கதவடியில் செருகி வைக்கும் மரக்கட்டை. லட்ச ரூபாய்க் கதவை அந்தக் கட்டை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். ரவுண்டு போகும்போது கட்டையைப் பிடுங்கி எறியுங்கள். கதவைப் பாதி திறந்து விடுங்கள். தானாக வந்து தாழ் விழ வேண்டும். விழவில்லையென்றால் டோர் க்ளோசர் போய்விட்டது, நோட்டில் எழுதுங்கள்.

விற்பனைப் பெண், மீஞ்சூர்: நான் மூன்றாவது மாடியில் நிற்கிறேன். படிக்கட்டு ஓரம் முழுக்க அட்டைப்பெட்டி. முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். கண்ணாடி, சான்றிதழ் எல்லாம் எங்களுக்கு எட்டாத பேச்சு. நான் என்ன செய்ய முடியும், சார்?

மகளே, இந்த மாதம் வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் இரண்டு முறை படித்தேன். மேலே நான் சொன்ன 30, 60, 120 எல்லாம் யாருடைய நிமிடம் தெரியுமா? உன்னுடையது. முதலாளி காசு கொடுத்து வாங்குவது கண்ணாடி போலத் தெரியும். உண்மையில் வாங்குவது, நீ மூன்றாவது மாடியிலிருந்து கீழே வந்து சேரத் தேவையான நேரம். அந்த நேரத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டுப் படியில் பெட்டி அடுக்கினால், வாங்கியதைத் தானே தெருவில் கொட்டுகிறார்.

நீ தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். மாடியில் நிற்கும் எல்லோரும் சேர்ந்து, பெட்டியை வேறு இடத்தில் நாங்களே அடுக்கித் தருகிறோம் என்று கேளுங்கள். வேலை கேட்பது போலக் கேட்டால் எந்த முதலாளிக்கும் கோபம் வராது. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வைத்தாலும் எனக்குச் சம்மதம். கோபம் என்மேல் வரட்டும். அதற்கும் அசையவில்லை என்றால், பெயர் போடாமல் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் போடு.

இன்று இரவு ஷட்டர் இறக்குவதற்கு முன் ஒன்று செய். உன் கவுன்டரிலிருந்து படிக்கட்டுக் கதவுக்கு எத்தனை அடி, அங்கிருந்து கீழே எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே இறங்கு. விளக்கு அணைந்து, புகை சூழ்ந்து, கண் தெரியாத நேரத்தில் அந்த எண்ணிக்கை உன் கையைப் பிடித்துக் கூட்டி வரும். கூட நிற்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடு.